வால் இல்லாத பட்டம்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகள் பல. அங்கிருந்து வடகிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இருக்கிறது. அங்கே ராக்கெட் கிளம்பும் தினங்களில் சுற்று வட்டார மீனவர்கள் கடலில் இறங்கக் கூடாதென்று உத்தரவாகிவிடும். அவர்களுடைய அன்றைய நஷ்டத்தை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை!

2023 அக்டோபர் 21-ந் தேதி காலை பத்து மணிக்கு அவ்விதம் ஒரு கலம் கிளம்பிற்று. 'ககன்யான்' திட்டத்தில் மனிதர் ஏறப்போகும் கலத்தின் மாதிரி அது. உள்ளே யாரும் இல்லை. ராக்கெட்டுக்கு வழியில் அபாயம் நேர்ந்தால் மனிதரை உயிருடன் மீட்கலாகுமா என்பதே பரீட்சை. சுமார் 17 கிலோமீட்டர் உயரம் போய், தனியே பிரிந்து, வங்கக் கடலை நோக்கி விழுந்தது கலம்.

பெரிய பாராசூட்டை உடனே விரித்துவிட்டால் என்னவென்று நேயர்கள் கேட்கலாம். புயற்காற்றில் குடை விரித்தவர்கள் கேட்கமாட்டார்கள். துணி கிழிந்து போகும். அதோடு, மழுங்கிய அடியுள்ள அந்தக் கலம் விழும்போது ஊசலாடும். புரண்டால் கயிறுகள் அதையே சுற்றிக்கொள்ளும். வால் இல்லாத பட்டம் குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்ததில்லையா? அந்த வால்தான் 'டிரோக்' என்னும் சிறு பாராசூட்.

அதன் குறுக்களவு 5.8 மீட்டர், பெரியதன் குறுக்களவோ 25 மீட்டர். சிறியது முழுத் துணியன்று; இடைவெளி விட்டுக் கோத்த நாடாக்கள். காற்றில் ஒரு பங்கு அவற்றினூடே கழிந்துவிடுவதால் குடை கிழியாமல் தாங்குகிறது. முதலில் அதன் வாய் சுருக்குப்பை போல் கட்டுண்டிருக்கும். சற்றுப் பொறுத்துக் கட்டு அறுபட்ட பிறகே முழுவதும் மலரும். ஆட்டத்தை அடக்கி வேகத்தைத் தணித்ததும் அது கழன்று போக, வேறு மூன்று சிறு குடைகள் மூன்று பெரிய குடைகளை வெளியே இழுக்கும்.

இதில் ஒரு படி தவறினால் என்ன ஆகும்? 1967 ஏப்ரல் 24-ந் தேதி ருஷிய வீரர் கொமரோவின் 'ஸோயுஸ்' கலத்தில் சிறு குடை விரிந்தது; பெரியதை உறையிலிருந்து இழுக்க அதற்குச் சக்தி போதவில்லை. மாற்றுக் குடையோ சிறியதோடு சிக்கிக்கொண்டது. அவர் மாண்டார்.

ஆகையால்தான் நம்மவர்கள் டிரோக் பாராசூட்டுகளை இரண்டாக வைத்தார்கள். ஒன்று பொய்த்தாலும் மற்றது போதும். அன்று குடைகள் யாவும் சரியாகவே விரிந்தன. கடலில் கலம் தலைகீழாய் மிதந்தது வேறு கதை. கடற்படையார் அதை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தனர்.