தழும்பைக் காட்டும் ஒளி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகேற்றும்போது பறக்கும் தூசும், மண்டியில் மிளகாய் மூட்டை பிரிக்கும்போது எழும் நெடியும் தொழிலாளியின் மூச்சோடுதான் உள்ளே போகின்றன. மாதக்கணக்கில் வறட்டு இருமல் நீடித்தாலும் வெறும் சளி என்றே பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

அந்த இருமல் நுரையீரலில் தழும்பு விழுவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். விழுந்த தழும்பு மறையாது. முன்கூட்டியே கண்டறிந்தால் அது பரவும் வேகத்தைக் குறைக்கலாம். 2017-இல் வெளியான இந்தியப் பதிவேட்டில், இப்படி நுரையீரலில் தழும்பேற்றக்கூடிய இடைத்திசு நோயுள்ள 1,084 பேரில் 47.3 சதவீதத்தினருக்கு இருந்தது மூச்சில் கலந்த பொருள்களின் ஒவ்வாமையால் வரும் அழற்சி. சி.டி. ஸ்கேனில் தெளிவு கிடைக்காதபோது அறுவை செய்து சதைத் துணுக்கு எடுப்பார்கள். மூச்சுத் திணறுபவருக்கு அது ஆபத்து.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், மூச்சுக்குழாய் வழியே மெல்லிய இழையைச் செலுத்தி, அகச்சிவப்பு ஒளியால் நுண்ணிய தழும்பையும் வெட்டாமலே படம்பிடித்திருக்கிறார்கள். நம்பிக்கை தரும் முயற்சி.

அந்தக் கருவி சேலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊதிப் பார்க்கும் மூச்சுத்திறன் பரிசோதனையை அரசு பட்டறை வாசலுக்கே கொண்டுவர வேண்டும், இந்த ஆண்டே.