நெட்டுருப் போட்ட வித்தை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் வாணியம்பாடியைத் தாண்டினால் நாட்றம்பள்ளி வரும். வரும் என்பதைவிட, வந்து போய்விடும் என்று சொல்வதே பொருத்தம். மோட்டாரில் பறக்கிறவர்கள் ஏலகிரி மலையைப் பார்த்து "ஆஹா!" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊர் பின்னால் போயிருக்கும். 2019-ஆம் வருஷத்தில் வேலூர் ஜில்லாவைப் பிரித்தபோது இவ்வூர் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அதனால் பஸ் சீக்கிரம் வர ஆரம்பித்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பஸ்ஸுக்காகக் காத்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இந்த வாரத்துக்கு விஷயம் கிடைத்தது.

டீக்கடை பெஞ்சியின் மறுகோடியில் பள்ளிக்கூட உடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜபித்துக் கொண்டிருந்தாள். முதலில் ஸ்தோத்திரம் என்றே நினைத்தேன். காதைத் தீட்டிக் கேட்டால், "ஃபார் ஐ இன் ரேஞ்ச், ஒன் கமா என் ப்ளஸ் ஒன், கோலன், ஃபேக்ட் ஈக்வல் டு ஃபேக்ட் இன்டு ஐ" என்று வந்தது.

"இது என்ன மந்திரம், அம்மா?" என்றேன்.

"மந்திரம் இல்லை சார், பைத்தான். நாளைக்குச் செய்முறைப் பரீட்சை."

பைத்தான் என்றதும் மலைப்பாம்பை நினைத்துக்கொண்டு நேயர்கள் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். இது கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் பாஷை. 1991-ஆம் வருஷத்தில் இதை வெளியிட்ட ஹாலந்துக்காரர் க்விடோ வான் ராசம், மான்டி பைத்தான் என்னும் ஆங்கில விகடக் கோஷ்டியின் ஞாபகமாக இந்தப் பெயரைச் சூட்டினார். விகடத்தில் பிறந்த பெயரை இவ்வளவு பயபக்தியுடன் ஜபிக்கிறார்களே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

அவள் ஒப்பித்தது, ஒன்று முதல் ஓர் எண் வரையில் உள்ள எல்லா எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கிச் சொல்லும் நிரல். "இதில் 'ஒன்' என்று ஆரம்பிக்கிற இடத்தில் 'டூ' என்று போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அப்படிப் போடக் கூடாது சார். புத்தகத்தில் ஒன் என்றுதான் இருக்கிறது. மாற்றினால் மார்க் போய்விடும்."

உண்மையில் மாற்றினால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அதே விடைதான் வரும். ஒன்றால் பெருக்கினால் என்ன, பெருக்காவிட்டால் என்ன? நாலாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த இந்த விஷயம் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியாமலில்லை. இங்கே அதை யோசிக்கலாம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2018-ஆம் வருஷத்தில் பதினோராம் வகுப்புக்கும், மறு வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தமிழ்நாட்டு அரசாங்கம் புதிய கணினி அறிவியல் புத்தகங்களைக் கொண்டுவந்தது. முன்னதில் ஸி ப்ளஸ் ப்ளஸ், பின்னதில் பைத்தான். கணினித் தமிழுக்குக்கூட ஓர் அத்தியாயம் உண்டு. காலேஜில் படித்தவர்களே வியக்கும்படியான சரக்கு. ஆனால் எழுத்துப் பரீட்சைக்கு 70 மார்க், செய்முறைக்கு 20, உள்மதிப்பீட்டுக்கு 10 என்று பங்கு போட்டு, செய்முறைக்கு வரக்கூடிய நிரல்களைப் புத்தகத்தின் கடைசியில் அச்சிட்டும் கொடுத்துவிட்டால், குழந்தைகள் என்ன செய்வார்கள்? நானும் நெட்டுருத்தான் போட்டிருப்பேன்.

நிரல் என்பது என்ன? தோல் பதனிடும் பிரதேசத்தில் இதை விளக்குவதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்; சுண்ணாம்பில் போட்டு மயிரைக் கழற்ற வேண்டும்; ஒட்டியிருக்கும் சதையைச் சீவ வேண்டும்; சுண்ணாம்பு போகும்படி சுத்தம் செய்ய வேண்டும்; அதற்குப் பிறகுதான் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போன்ற சரக்குகளின் சாற்றில் இறக்குவது. இந்தக் காலத்தில் குரோமிய உப்பு வந்துவிட்டது என்றாலும் வரிசை என்பது வரிசைதான். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் தோல் பாழ். எத்தனை நாள், எவ்வளவு சரக்கு, "இப்படி இருந்தால் இன்னும் ஒரு நாள் ஊறட்டும்" என்பதெல்லாம் பழகிய கைக்குத் தெரியும். அந்த அறிவைப் படிப்படியாகப் பிரித்து, சொன்னதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு யந்திரத்துக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பதுதான் நிரல். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தகப்பனார் தோல் தொழிற்சாலைக்கும் தாயார் ஜோடு தைக்கும் தொழிற்சாலைக்கும் போகிற வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டுக் குழந்தைக்கு வரிசை, நிபந்தனை, திரும்பத் திரும்பச் செய்தல் என்பவை புதிய சமாசாரங்களா என்ன?

தொழில் வழியாகக் கல்வி என்பது நமக்கு அந்நியச் சரக்கும் அல்ல. 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வார்தாவில் மகாத்மா கூட்டிய கல்வி மாநாடு இதைத்தான் சொல்லிற்று. டாக்டர் ஜாகீர் ஹுஸேன் தலைமையில் அமைந்த கமிட்டி நூற்பு, நெசவு, தச்சு, விவசாயம் ஆகியவற்றுடன் தோல் வேலையையும் ஆதாரத் தொழில்களில் ஒன்றாகக் குறித்தது. முப்பது வருஷம் கழித்து, 1967-இல், அமெரிக்காவில் ஸீமோர் பேப்பர்ட்டும் வாலி ஃப்யூர்ஸைக்கும் ஸிந்தியா ஸாலமனும் குழந்தைகளுக்காகவே லோகோ என்ற பாஷையைப் படைத்தார்கள். அதில் ஓர் ஆமை. குழந்தை சொல்கிறபடி நடந்து கோடு போடும். "முன்னால் போ, வலப்புறம் 90 டிகிரி திரும்பு" என்று நாலு தரம் சொன்னால் சதுரம். 80 டிகிரி என்று சொல்லிவிட்டால் கோடு வாயை மூடாமல் நிற்கும். குழந்தை அழுவதில்லை. சிரித்துவிட்டு, தானே எழுந்து நடந்து பார்த்து, எங்கே பிசகிற்று என்று கண்டுபிடிக்கிறது. பிசகைத் திருத்துவதுதான் பாடம் என்றார் பேப்பர்ட். நம் பரீட்சையிலோ பிசகு என்றால் மார்க் நஷ்டம்.

நம் தேசத்திலும் முயற்சி இல்லாமலில்லை. 1984-இல் மத்திய அரசாங்கம் சுமார் 250 பள்ளிகளில் இங்கிலாந்தின் பி.பி.ஸி. மைக்ரோ யந்திரங்களை வைத்துக் கணினிக் கல்வியைத் தொடங்கிற்று. பிற்காலத்தில் நான் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். யந்திரத்துக்குப் பட்டுத் துணி போர்த்தி, சரஸ்வதி பூஜையன்று குங்குமமும் இட்டிருந்தார்கள். தொடுவதற்கு மட்டும் அனுமதி இல்லை. 2011-இல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். 2019-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்பக் கூடங்கள் வந்தன. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், லோகோவின் வாரிசான ஸ்க்ராட்ச் இடம் பெற்றிருக்கிறது. கடைசி அத்தியாயத்துக்கு மார்ச்சு மாதத்தில் என்ன கதி நேரும் என்பது உபாத்தியாயர்களுக்குத் தெரியும். பக்கத்துக் கேரளத்தில் 2001-ஐ ஒட்டியே தொடங்கி, சுதந்திர மென்பொருளைப் பள்ளிகளில் புகுத்தி, 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் சங்கங்களையும் அமைத்தார்கள். நம் ஊரிலோ பி.எட். படித்த கணினிப் பட்டதாரிகள், ஆறாம் வகுப்பு முதலே இதைத் தனிப் பாடமாக்குங்கள் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கை அடியேனுக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

பாஷை விஷயம் வேறு. தமிழ் மீடியத்துக் குழந்தை முதலில் ஆங்கிலத்தோடு மல்லுக்கு நின்று, பிறகுதான் கணக்கோடு நிற்க வேண்டியிருக்கிறது. முத்தையா அண்ணாமலை என்பவர் 'எழில்' என்று தமிழிலேயே ஒரு நிரல் பாஷை செய்திருக்கிறார். அதில் 'பதிப்பி' என்று எழுதினால் யந்திரம் பதிப்பிக்கும். உத்தியோகத்துக்கு அது உதவாது என்பார்கள். நடைவண்டியும்தான் பெங்களூர் போக உதவாது!

மறுபடி டீக்கடைக்கு வருவோம். இதுவரையில் வாய் திறவாதிருந்த இரண்டாவது பெண் மெதுவாக, "நான் புத்தகத்தில் இல்லாத ஒன்று எழுதினேன் சார்" என்றாள். அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய மடிக்கணினியில், வீட்டு மின்சாரக் கட்டணத்துக்கு ஒரு நிரல். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அதற்கு மேல் படிப்படியாக விகிதம் ஏறும். அவளுடைய நிரல் முதலில் உண்மையான பில்லைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டிற்று.

"ஏன் அப்படி?"

"மேல்படி விகிதத்தை எல்லா யூனிட்டுக்கும் போட்டுவிட்டேன் சார். இலவச நூறுக்கும் சேர்த்து! ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் கணக்குப் பண்ணிக் கூட்ட வேண்டும். கண்டுபிடிக்க ராத்திரி பன்னிரண்டு மணி ஆயிற்று. அம்மா திட்டினாள்."

சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நம் சித்திரக்காரர் பார்த்திருக்க வேண்டும்.

"உங்கள் டீச்சரிடம் காட்டினாயா?"

"இல்லை சார். அது பரீட்சைக்கு வராது."

"உன் சிநேகிதியிடமாவது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜபம் செய்த பெண் படியில் கால் வைத்தபடியே மற்றவளிடம், "எந்தப் படிக்கு எவ்வளவு என்று எப்படிடீ சொன்னாய் அதனிடம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. அது அவர்களுடைய பஸ். என்னுடைய பஸ் இன்னும் வரவில்லை.

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு நாளைக்கும் இங்கேதான் பஸ் ஏறுமா சார்? எங்கள் வீட்டுக் கரண்டு பில்லில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்."