கயிறு திரித்தல்

கிழக்குக் கடற்கரைச் சாலையின் கைவினைப் பொருள் கடைகளில் அந்த மரக்கப்பலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று பாய்மரங்கள், கஞ்சி போட்ட வேட்டியைப் போல விறைத்து நிற்கும் பாய்கள், கல்யாண மண்டபக் கதவுக்கு அடிப்பது போன்ற வார்னிஷ், அடியில் ஒரு பித்தளைத் தகடு. மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சில நூல்கள் ஓடும். அவற்றில் ஒன்றைக் கண்ணால் தொடர்ந்து சென்று பாருங்கள். எங்கிருந்தோ புறப்பட்டு, எதையும் பிடிக்காமல், ஒரு சொட்டுப் பசையில் முடிந்துவிடும். அத்தனை நூலையும் அறுத்தெறிந்தாலும் கப்பலுக்கு ஒன்றும் நேராது. தமிழில் கயிறு திரித்தல் என்பதற்குப் பொய்யை நீட்டி முழக்குவது என்றும் ஒரு பொருள் உண்டு. இந்தக் கப்பல்களைப் பார்த்துத்தான் அந்த வழக்கே பிறந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அலங்காரப் பொருளின் மீது இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ஊர்திகள் வருகின்றன. அவற்றில் எந்தக் கயிறு எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. அது நேர்த்திக்கடன், அதற்கு வேறு உண்மை இருக்கிறது. வரவேற்பறைக் கப்பல் அப்படியல்ல. தன்னை ஒரு குறிப்பிட்ட கப்பலின் மாதிரி என்று அது சொல்லிக்கொள்கிறது, பெயரும் ஆண்டும் பொறித்த தகடு வைத்துக்கொள்கிறது. சொல்லிக்கொண்ட பிறகு கணக்குக் கேட்கலாம் என்பது என் கட்சி.

பாய்மரக் கப்பலில் கயிறுகள் இரண்டு வகை. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் நிலைக்கயிறுகள் ஒன்று. பாயையும் பருமலையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவும் ஓடுகயிறுகள் மற்றொன்று. பருமல் என்பது பாய் தொங்கும் குறுக்குமரம். அதை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். இவற்றில் ஒன்று இல்லையென்றால் கப்பல் ஓடாது, அல்லது ஓடிப் பாய்மரம் முறியும். 1765இல் நீரில் இறக்கப்பட்ட ஆங்கிலேயரின் விக்டரி கப்பலில், 37 பாய்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 26 மைல் கயிறு இருந்ததாகக் கணக்கு. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை ரயில் பாதையோரமாக இழுத்துக் கட்டினாலும் மிச்சம் நிற்கும். அத்தனையும் ஒரு தளத்தில் வந்து இறங்கின. நள்ளிரவில் மழையில் கைதடவியே சரியான கயிற்றைப் பிடிக்க மாலுமிக்குத் தெரிந்திருந்தது. கப்பலின் உடல் தச்சனுடையது என்றால், கயிறு மாலுமியின் அறிவு. மாதிரிக் கப்பலில் கயிற்றை ஏமாற்றுவது அந்த அறிவை ஏமாற்றுவதாகும்.

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தொழிற்சாலை ஒன்றில் கருவி செய்யும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். 1869இல் கட்டப்பட்ட தேயிலைக் கப்பல் கட்டி சார்க்கின் மாதிரியை வெளிநாட்டுப் பெட்டி ஒன்றிலிருந்து கட்டி முடித்தார். உடலுக்கு நான்கு மாதம், கயிறுக்கு ஒன்றரை ஆண்டு. இந்த விகிதமே பலருக்கு வியப்பாக இருக்கும். பெரும்பாலோர் உடலை முடித்ததும் களைத்துப்போய், கயிற்றை ஒரு மாதத்தில் ஒப்பேற்றிவிடுகிறார்கள். மலிவுக் கப்பல்கள் உருவாவது அந்தக் களைப்பில்தான்.

அவருடைய கருவிகளில் பாதி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை. பல் மருத்துவரின் பழைய கொக்கிகள், கடிகாரக்காரரின் இடுக்கிகள், பழைய அறுவைக் கத்தரிக்கோல் ஒன்று. பெட்டியோடு வந்த நூலை அவர் தொடவே இல்லை. அதில் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது, எல்லாக் கயிறும் ஒரே தடிமனாக வேறு இருந்தது. தையற்கடைப் பருத்தி நூலை வாங்கி, மூன்று கொக்கிகளைச் சுழற்றும் ஒரு சிறு பொறியைத் தானே செய்து, நிஜமாகவே கயிறு திரித்தார். திரித்ததைத் தேன்மெழுகில் இழுத்துத் துருத்திய இழைகளைப் படிய வைத்தார். தடிமன் விஷயத்தில் அவர் விடாப்பிடி. 75இல் ஒரு பங்கு அளவில் செய்த கப்பலில் ஒரு மில்லிமீட்டர் நூல் என்பது நிஜக் கப்பலில் 75 மில்லிமீட்டர் கயிறு. பெருமரத்தைத் தாங்கும் கயிறுக்கு அது பொருந்தலாம். மாலுமிகள் மேலே ஏறக் கால்வைக்கும் ஏணிக்கயிறுக்கும் அதையே கட்டினால், யானைச் சங்கிலியில் ஊஞ்சல் கட்டியது போல இருக்கும்.

சென்னையின் காற்றையும் சொல்ல வேண்டும். இயற்கை இழைக்கயிறு ஈரம் பட்டால் சுருங்கும், காய்ந்தால் தொய்யும். சித்திரையில் இழுத்துக் கட்டிய நூல் ஐப்பசி மழையில் மேலும் இறுகி, மெல்லிய மரத்துண்டுகளை வளைத்துவிடும். ஐரோப்பியக் கையேடுகள் எழுதப்பட்ட அறைகளில் இந்த ஈரம் இல்லை. ஆகவே நண்பர் நிலைக்கயிறுகளை மழைக்காலத்தில் கட்டினார். வெயிலில் சற்றுத் தொய்ந்தால் பாதகமில்லை, முறியாது. கீழிருந்து மேலாக, உள்ளிருந்து வெளியாக என்பது அவர் பின்பற்றிய வரிசை. வெளிக்கயிற்றை முதலில் கட்டிவிட்டால் பிறகு உள்ளே கை போகாது.

இவ்வளவையும் பாராட்டிய பிறகும் எனக்கு ஒரு குறை உண்டு, அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். கட்டி சார்க்குக்கு ஒவ்வொரு கயிறுக்கும் வரைபடம் இருக்கிறது. விக்டரிக்கும், 1789இல் மாலுமிகள் கலகம் செய்த பவுன்டிக்கும் இருக்கிறது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பெட்டி போட்டு விற்கிறார்கள். தமிழன் கட்டி ஓட்டிய கப்பலுக்கு அப்படி ஒரு பெட்டி இல்லை. நாம் கேட்டதும் இல்லை.

அன்னபூரணியை எடுத்துக்கொள்வோம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931ஐ ஒட்டிய காலத்தில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டப்பட்டது. நீளம் 89 அடி, இரண்டு பாய்மரம், முன்மரத்தில் சதுரப் பாய்கள். ஸ்வாப் என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விரும்பி வாங்கி, மனைவியின் நினைவாகப் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 1937இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட அக்கப்பல் சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஓட்டிச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும். சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்ததும் அதே 1937தான். கல்லூரியின் இடப்பெயர்வை இங்கே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிய வேப்பமரக் கப்பலைக் கேட்டால் விழிப்பார்கள். உலகப் புகழ்பெற்ற கப்பல்களின் வரிசையில் வைக்கத் தகுந்த இதன் மாதிரி நம் வீடுகளில் ஏன் இல்லை?

மாதிரியைப் பற்றிப் பேச ஓர் இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நம் கடல் இலக்கியத்தில் கப்பல் இருக்கிறது, கயிறு இல்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தக் கப்பலின் எந்தக் கயிற்றை இழுத்தால் எது நகரும் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை. அதற்கு மாறாக ஜோ டி குரூஸ் எழுதிய ‘கொற்கை’ 2009இல் வந்தபோது, தூத்துக்குடித் தோணிகளின் உலகம் முதன்முறையாக அதன் சொந்தச் சொற்களோடு எழுந்து நின்றது. அதைப் படித்த எத்தனை பேர் அச்சொற்களைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? ஏரா, வங்கு, அணியம், அமரம் ஆகியவற்றை ஊகித்துவிடலாம். கரையில் ஏற்றி வைத்த படகிலும் அடிமரமும் விலாமரமும் முன்னும் பின்னும் தெரிகின்றன. ஆஞ்சானும் தாமானும் அப்படியல்ல. அவை வேலை செய்யும்போது மட்டுமே பொருள் பெறும் சொற்கள். அகராதி ஒரு வரியில் ‘பாய்க்கயிறு’ என்று முடித்துவிடும். எந்த மூலையில், எந்தப் பக்கம், எதை எதிர்த்து இழுக்கிறது என்று ஒருமுறை கட்டிப் பார்த்தவனுக்கே சொல் கைவசமாகும்.

இச்சொற்களின் பயணமே தனிக்கதை. சங்கப் பாட்டில் கூம்பும் மீப்பாயும் இருக்கின்றன. புகாருக்குள் கலங்கள் நுழையும் காட்சியைக் காட்டும் ஒரு புறப்பாட்டில் இரண்டுமே வருகின்றன. பின்னாளில் இந்துமாக்கடல் முழுவதும் பல மொழி மாலுமிகள் கலந்து பேசிய கப்பல் மொழி வந்து சேர்ந்தது. தாமஸ் ரோபக் 1811இல் தொகுத்த கப்பல் அகராதி பதிந்து வைத்திருப்பது அந்த மொழியைத்தான். நம் தாமானுக்கு அங்கே உறவினர்கள் உண்டு. கூம்பு போய்ப் பாய்மரம் வந்தது, தாமான் வந்து தங்கியது. தூய தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். கடலில் தூய்மை பார்த்தவன் கரையிலேயே நின்றிருப்பான்.

புகைப்படங்கள் இருக்கின்றனவே, கணினியில் வரைந்துவிடலாமே என்றும் சொல்லப்படுகிறது. கணினியில் வரைந்த கயிறு சொன்னபடி கேட்கும். இன்னொரு கயிற்றின் மேல் உரசாது, தொய்யாது, பாயைத் திருப்பும்போது பாய்மரத்தில் சிக்காது. இந்தச் சிக்கல்களில்தான் செய்தி இருக்கிறது. கடற்படைக்காகத் தைத்துக் கட்டப்பட்டு 2025 மே மாதம் கார்வாரில் சேர்க்கப்பட்ட கௌண்டின்யா கப்பலுக்கு மூல வரைபடம் எதுவும் கிடையாது. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பல் ஒன்றே ஆதாரம். அதன் நீரியல் நடத்தையைச் சோதிக்க அதன் மாதிரியைச் செய்து பார்த்தது நம் கிண்டிப் பக்கத்துச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை. ஓவியத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாதிரி தேவைப்பட்டது. 1,500 ஆண்டுக்கு முந்தைய கலத்துக்கே இது முடிகிறது என்றால், நம் தாத்தாக்கள் ஓட்டிய தோணிக்கு முடியாமல் போகக் காரணம் சோம்பல் ஒன்றே. தூத்துக்குடித் தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்கின்றன, ஆனால் இயந்திரத்தில். பாய் ஒன்றையே நம்பி ஓட்டிய தண்டையல்களில் உயிரோடு இருப்பவர்கள் மிக முதியவர்கள். நம் கையில் உள்ள கால அவகாசம் அவர்களுடைய வயதுதான்.

நண்பர் இப்போது தோணியைத் தொடங்கியிருக்கிறார். என் நச்சரிப்பால் என்று சொல்ல ஆசை, ஆனால் பெட்டிக்கப்பல் சலித்துப்போனதே உண்மைக் காரணம். தொடங்கியதும் அவருடைய பழைய கணக்குகள் எல்லாம் கவிழ்ந்தன. ஐரோப்பியச் சதுரப்பாய்க் கப்பலில் நிலைக்கயிறு நிலையாகவே நிற்கும், இருபுறமும் சமமாக. பெரிய முக்கோணப் பாய் கட்டிய மரக்கலங்களில் பக்கக்கயிறுகளைக் கப்பி வைத்துக் காற்று வரும் புறத்தில் இறுக்குவார்கள். காற்றின் புறம் மாறினால் அவிழ்த்து மறுபக்கம் கொண்டுபோவார்கள். நீண்ட பருமலையும் பாய்மரத்தைச் சுற்றி மறுபுறம் மாற்றியாக வேண்டும். நிலைக்கயிறு, ஓடுகயிறு என்று மேலே நான் எழுதிய பாகுபாடே இங்கே செல்லாது. பசை போட்டு ஒட்டிவிட்டால் முடிந்தது என்ற வசதியும் கிடையாது.

பாய் கட்டுவதா வேண்டாமா என்பதும் இத்துறையில் ஓயாத வழக்கு. பாய் கட்டினால் கயிறுகள் மறையும் என்பதால் கட்டி சார்க்கைப் பாயில்லாமல் விட்டதை நான் ஆதரித்தேன். தோணிக்குப் பாய் இல்லாமல் முடியாது, அதன் முகமே பாய்தான். பாய்க்குப் புதுத்துணி உதவாது, பலமுறை துவைத்து நைந்த மல்வேட்டியே சரியாக விழுகிறது என்று கண்டுகொண்டிருக்கிறார். வார்னிஷ் கூடாது என்பதில் நாங்கள் ஒருமனம். எண்ணெய் மட்டும் தடவி மங்கலாக விட வேண்டும். நிஜத்தோணியில் பலகை இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைக்கும் கலப்பத்து வேலையின் கறுப்புக் கோடுகள் அப்போதுதான் தெரியும்.

பாய்மரம் ஏற்றியாகிவிட்டது. பக்கக்கயிறுகளைக் கட்டும் முன் காற்று எந்தப் புறமிருந்து வருகிறது என்று முடிவு செய்தாக வேண்டும். வாடையில் கொழும்புக்குப் போகும் தோணியா, சோழகத்தில் திரும்பி வரும் தோணியா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் தூத்துக்குடிக்கு ரயில் ஏறி, பாய்த்தோணியில் ஓடிய ஒருவரைத் தேடிக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்கிறார். நானும் போகிறேன்.