நேற்றைய தோழர், இன்றைய எதிராளி

உப்பல் மைதானத்தில் சென்னை அணியும் ஹைதராபாத் அணியும் மோதும் நாள் வந்துவிட்டால், மல்காஜ்கிரித் தமிழர் இல்லங்கள் சிலவற்றில் சிறு கலகம் ஒன்று மூளுவது வழக்கம். நம் அன்பர் ஒருவர் வீட்டில் அதனை நேரிலேயே கண்டோம். பாட்டனார் சென்னைக்கு வெற்றி வேண்டி அமர்ந்திருந்தார். பேரனோ ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்து, ஹைதராபாத்தின் ஒவ்வோர் அடிக்கும் துள்ளிக் குதித்தான். “தமிழ்ப் பிள்ளைக்கு இப்படியும் ஒரு நன்றிகெட்ட குணமா?” என்று பெரியவர் வெகுண்டார். “நான் பிறந்தது இந்த ஊரில்தானே, தாத்தா?” என்றான் சிறுவன். பெரியவர் மறுமொழி கூறாமல் எழுந்து உள்ளே சென்றுவிட்டார். அன்றிரவு இருவரும் தனித்தனியே உணவருந்தினர் என்று பின்னர் அறிந்து வருந்தினோம்.

விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தன்னை வளர்த்த இடத்திற்கு எதிரே நிற்பவன் நன்றி மறந்தவன் ஆவானா? ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்கள் யாவற்றிற்கும் உரிய வினா இது. இதற்கு ஒரு விடை, நமக்கு அண்மையிலுள்ள அந்த உப்பல் மைதானத்திலேயே கிடைத்தது.

ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த ஒரு தந்தையின் மைந்தர் முகம்மது சிராஜ். ஐ.பி.எல். பந்தயங்களில் அவர் 2017-ல் சொந்த ஊரின் சன்ரைசர்ஸ் அணியிலேயே அடியெடுத்து வைத்தார். 2018 முதல் 2024 வரை ஏழு பருவங்கள் பெங்களூர் அணிக்குப் பந்து வீசினார். 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஏலத்தில் குஜராத் அணி அவரைப் பன்னிரண்டேகால் கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரல் 2-ஆம் நாள் அவர் பெங்களூர்ச் சின்னசாமி மைதானத்தில் இறங்கினார். ஏழாண்டுகள் தம்மை வாழ்த்திய கூட்டத்தின் முன்னே எதிராளியாக நின்றபோது உள்ளம் கலங்கியதென்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் பந்தைக் கையில் எடுத்தபின் தயங்கவில்லை. 19 ஓட்டங்களே கொடுத்து மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 6-ஆம் நாள், பிறந்த ஊரான ஹைதராபாத்தின் அணிக்கு எதிராக உப்பலில் நின்றார். அன்று அவர் வீழ்த்தியவை 17 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகள். ஐ.பி.எல். பந்தயங்களில் அவருடைய நூறாவது விக்கெட்டும் அவற்றுள் ஒன்று. அவருடைய குடும்பத்தாரும் பார்வையாளரிடையே அமர்ந்திருந்தனர். ஊருக்கு எதிராக ஆடினாரே என்று அவர்கள் முகம் சுளித்திருப்பார்களா?

அதே ஆட்டத்தில் நம் சென்னை இளைஞர் வாஷிங்டன் சுந்தரும் குஜராத்துக்காக ஆடினார். 2022 முதல் 2024 வரை ஹைதராபாத்தின் ஆரஞ்சுச் சட்டையை அணிந்திருந்தவர் அவர். குஜராத் 16 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்து தவித்த வேளையில் இறங்கி, 29 பந்துகளில் 49 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய பழைய அணி ஏழு விக்கெட்டு வித்தியாசத்தில் தோற்றது.

இவ்விருவரும் நன்றி கொன்றவர்களா? பழைய அணி விடுவித்தது. ஏலத்தில் புதிய அணி எடுத்தது. சென்ற இடத்தில் தம் தொழிலைக் குறைவறச் செய்தனர். மாற்றல் உத்தரவு ஒன்று கைக்கு வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு செகந்திராபாத் நிலையத்தில் வந்திறங்கிய நம் பெரியோருக்கு இது விளங்காத செய்தியன்று.

கடல் கடந்த நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் வில்லி மேஸ் என்பார் 1951 முதல் ஜயண்ட்ஸ் அணியின் செல்லப்பிள்ளை. 1972 மே மாதத்தில் அவ்வணி அவரை நியூயார்க் மெட்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. புதிய அணியில் அவர் ஆடிய முதல் ஆட்டமே ஜயண்ட்ஸுக்கு எதிராக அமைந்தது. அன்று அவர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். அந்த அடியே வெற்றியைத் தந்தது. ஜயண்ட்ஸ் அதற்காக அவரைப் பகைத்ததா? இல்லை. 2000-ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் தன் புதிய மைதானத்தின் வாயிலில் அவருக்குச் சிலையே எடுத்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பாரதக் கதையில் இல்லாததா? அஞ்ஞாதவாசத்தின்போது அருச்சுனன் விராடன் நாட்டில் ஓராண்டு மறைந்து வாழ்ந்தான். அந்நாட்டின் ஆநிரைகளைக் கவரத் தன் சுற்றத்தாரே படையெடுத்து வந்தனர். தனக்கு வில் கற்பித்த துரோணரும் அவர்களுடன் வந்தார். அருச்சுனன் என்ன செய்தான்? முதலில் ஆசிரியரின் திருவடிகளின் முன்னே அம்பு எய்து வணங்கினான். அதன் பின்னர், தனக்கு நிழல் தந்த நாட்டிற்காகக் குறைவறப் போர் புரிந்தான். வணக்கத்தை முன்னிட்டுப் போரைத் தளர்த்தவில்லை. போரை முன்னிட்டு வணக்கத்தை மறக்கவுமில்லை.

பெரியோர்களே, பேரப்பிள்ளை இந்த ஊர் அணிக்குக் கைதட்டுவது உங்களுக்கு இழைக்கும் துரோகமன்று. நீங்கள் வந்து சேர்ந்த மண்ணில் அவன் வேர் விட்டிருக்கிறான் என்பதற்கு அது சான்று. அவனைக் கடிந்து நீங்கள் எழுந்து சென்றால், சென்னையை அவன் நேசிக்கப் போவதில்லை. உங்கள் கோபத்தையே நினைவில் வைத்திருப்பான். சேப்பாக்கத்தில் நீங்கள் வெயிலில் அமர்ந்து கண்ட ஆட்டங்களைத் தமிழில் அவனுக்குக் கதையாகச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, நீங்கள் எந்த அணியையும் வாழ்த்தலாம். ஆனால் தாத்தாவின் அணி தோற்ற நாளில் அவர் அருகே சென்று அமர மறவாதீர்கள். அருச்சுனன் திருவடியில் எய்த அம்பு அதுவே.

அடுத்த முறை இவ்விரு அணிகளும் உப்பலில் மோதும்போது, அந்த அன்பரின் இல்லத்தில் பாட்டனும் பேரனும் எதிரெதிரே கைதட்டட்டும். ஆட்டம் முடிந்ததும் ஒரே பந்தியில் உண்ணட்டும்.