ரத்தத்தில் இல்லை என்றால் பாதரசம் எங்கே போனது?

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றிக் கல்லூரிகளில் பேசப்போகும் நம் தோழர்கள் ஒரு கேள்வியில் தடுமாறி நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டோம். "முன்னாள் தொழிலாளர்களைச் சோதித்தால் ரத்தத்தில் பாதரசம் இயல்பான அளவில்தானே இருக்கிறது? பிறகு என்ன பாதிப்பு?" சாதி, வர்க்கம், பன்னாட்டு மூலதனம் என்று நமக்குப் பதில் சொல்லத் தெரியும். கேட்டவர் கேட்டதோ வேதியியல். அதற்கு வேதியியலிலேயே பதில் இருக்கிறது, அது கந்தகத்தில் இருக்கிறது.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலை 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்து பெயர்த்து வரப்பட்டு, பாம்பார் சோலைக்கு மேலே மலைவிளிம்பில் நிறுவப்பட்டது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் சூழலியலாளர்களும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குத் திரும்பிப் போனது. கழிவுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. அதைச் சுவாசித்தவர்களுக்கு இல்லை.

இனி கந்தகம். சமையல் எரிவாயு கசிந்தால் ஒரு நாற்றம் வருமே, அது எரிவாயுவின் நாற்றம் அல்ல. கசிவு தெரியட்டும் என்பதற்காகவே கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தின் நாற்றம். மெர்காப்டன் என்ற பெயரைக் கவனியுங்கள். 1830களில் டென்மார்க் வேதியியலாளர் ஸைஸ் இந்த வகைச் சேர்மங்களைக் கண்டபோது, இவை பாதரசத்தைப் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்து, 'பாதரசத்தைப் பிடிப்பது' என்ற பொருளில் லத்தீனிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். இவற்றின் இன்னொரு பெயர் தயோல். ஒரு கந்தக அணுவும் அதில் தொற்றிய ஒரு ஹைட்ரஜன் அணுவும்தான் இதன் கை. பாதரசம் வந்தால் அந்தக் கை ஹைட்ரஜனை உதறிவிட்டுப் பாதரசத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றினால் எளிதில் விடாது. தொழிற்சாலைப் புகையிலிருந்து பாதரசத்தை வடிகட்டக் கந்தகம் ஏற்றிய கரியைப் பயன்படுத்துவதும், தரையில் சிந்திய பாதரசத்தின் மேல் கந்தகத் தூளைத் தூவுவதும் இதனால்தான்.

நம் சித்த மருத்துவ மரபுக்கு இது புதிதல்ல. இரசமும் கந்தகமும் கூடினால் லிங்கம், அதாவது சாதிலிங்கம். (பெயரில் வரும் 'சாதி'யைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம்.) இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், பழனியில் போகர் செய்ததாகச் சொல்லப்படும் நவபாஷாணச் சிலையின் சேர்மானப் பட்டியல்களிலும் இரசம், லிங்கம், கந்தகம் மூன்றும் வழக்கமாக இடம்பெறும். ஆக, பாதரசம் கந்தகத்தைத் தேடிப்போகும் என்பது இந்த மலைக்காரர்களுக்கு அயல்நாட்டு விஞ்ஞானம் அல்ல.

அந்தக் கந்தகக் கை நம் உடம்பிலும் இருக்கிறது. நம் புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உண்டு, அதன் முனையில் இருப்பது தயோல். நொதிகள் பலவும் வேலை செய்வது அந்த முனையால்தான். செல்லைக் காக்கும் குளூட்டாதயோனும் தயோல்தான். தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசம் ஆவியாகத்தான் உடம்புக்குள் போகிறது. மூச்சில் போகும் ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நுரையீரல் உள்ளே விட்டுவிடும். ஆவியாக இருக்கும்வரை அது மூளையின் தடுப்புச்சுவரையும் தாண்டும். உள்ளே போனபின் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அருகில் இருக்கும் கந்தக முனையில் பூட்டுப்போல் விழும். பூட்டு விழுந்த நொதி வேலை செய்யாது. கை நடுக்கம், ஈறு நோய், மறதி, கூச்சமும் எரிச்சலும் மாறி மாறி வருவது, சிறுநீரகக் கோளாறு எல்லாம் இந்தப் பூட்டுகளின் கணக்கு. மருந்தும் கந்தகமே. டி.எம்.எஸ்.ஏ. போன்ற மருந்துகளில் இரண்டு தயோல் கைகள் இருக்கும். அவை பாதரசத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். ஆனால் செத்த நரம்புச் செல்லை மீட்டுத் தராது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஆவியாக உள்ளே போன பாதரசம் உடம்பில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2001-இல் ஆலை மூடியது. 2006-இல் ஒருவரைச் சோதித்தால் அதற்குள் முப்பது தடவை பாதியாகியிருக்கும். ரத்தத்தில் என்ன மிஞ்சும்? வீடு எரிந்து சாம்பலான பிறகு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, "சூடே இல்லையே, தீ எங்கே பிடித்தது?" என்று கேட்பது போன்றது இது. பாதரசம் போய்விட்டது, பூட்டு உடைத்த நொதிகளும் நரம்புகளும் போனது போனதுதான். வேலை பார்த்த காலத்து அளவீடுகளே உண்மையான சாட்சி. அவற்றை எடுத்தவரும் வைத்திருந்தவரும் முதலாளி.

சாதி இதில் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு: இங்கேதான். தன் உடம்புக்கு நேர்ந்ததை நிரூபிக்கும் பொறுப்பு எப்போதும் உழைத்தவர் தலையில்தான் விழுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்காக 2011-இல் தயாரான அறிக்கை பாதிப்பு உண்டு என்றது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. கொடுத்ததற்கு நிறுவனம் வைத்த பெயர் 'மனிதாபிமான அடிப்படையில் கருணைத்தொகை'. அந்தப் பதினைந்து ஆண்டுப் போராட்டம் வென்றதை நாம் குறைத்துப் பேசவில்லை. இழப்பீடு என்ற சொல்லைத் தவிர்ப்பதற்கு எவ்வளவு கவனம் எடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறோம்.

கந்தகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. காற்றில்லாத சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். ஏரிச் சேற்றில் இவை பாதரசத்தை மெத்தில் பாதரசமாகவும் மாற்றிவிடும். மினமட்டாவில் மீன் வழியாக மனிதரை முடக்கிய விஷம் அதுதான். அது சிஸ்டீனின் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு, மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம்போல் வேடமிட்டு மூளைக்குள் நுழையும். ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்தினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொடைக்கானல் ஏரிச் சேற்றுப் பாதரசத்தில் சுமார் 6 சதவீதம் மெத்தில் வடிவில் இருந்தது. பேரிஜம், குக்கல் ஏரிகளில் அது குறைவு.

இதே வகை பாக்டீரியாதான் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் நம் மக்களைக் கொல்லும் வாயுவை உண்டாக்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது என்பதைப் பல புத்தகங்கள் சொல்வதில்லை. "நாற்றம் குறைஞ்சிடுச்சு, இறங்கு" என்று ஒருவர் சொல்லும் நொடிதான் ஆபத்தின் உச்சம். 2013-இல் சட்டம் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023-இல் அது 30 லட்சமானது. இறங்கச் சொல்வது மட்டும் நிற்கவில்லை. அங்கே சில நிமிடத்தில் சாவு, இங்கே சில ஆண்டுகளில். இரண்டிலும் சான்றிதழில் எழுதப்படுவது வேறு ஏதோ காரணம்.

கடைசியாக, ஆலை நின்ற மண். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை வைத்துச் சுத்திகரிப்புத் திட்டம் அனுமதிக்கப்பட்டது. அந்த 20 எந்தப் பாதரசம்? பிரிட்டன் 2009-இல் குடியிருப்பு மண்ணுக்கு வகுத்த வழிகாட்டு அளவு, ஆவியாகக்கூடிய தனிமப் பாதரசத்துக்கு 1 மில்லிகிராம், கனிமச் சேர்மங்களுக்கு 170. கந்தகத்தோடு கூடி லிங்கமாகக் கிடக்கிறதா, சொட்டாகக் கிடந்து ஆவியாகிறதா, சோலைச் சேற்றில் மெத்தில் வடிவுக்கு மாறுகிறதா என்பதைச் சொல்லாமல் ஒரே எண்ணைச் சொன்னால் அது பாதி விடைதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதும் தோழர்கள் "எவ்வளவு" என்பதோடு "எந்த வடிவில், எந்தத் தேதியில், எந்த ஆழத்தில் எடுத்த மண்ணில்" என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பாம்பார் கும்பக்கரை பக்கம் இறங்கி ஓடுகிறது. கீழே பெரியகுளத்துத் தோழர்களும் அதே மனுவைப் போடலாம்.