சக்கரத்தின் மேல் ஒரு சமையலறை

ராஜாஜி பிறந்த ஊர் என்றுதான் எங்கள் தொரப்பள்ளியை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் ஓசூர் தொழிற்சாலைகள் இருப்பதால், வெல்டிங், லேத், வயரிங் தெரிந்த பிள்ளைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. என் நாத்தனார் மகன் அப்படி ஒருவன். பழைய வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கை, அடுப்பு, குழாய் எல்லாம் அமைத்து, மனைவி, கைக்குழந்தையோடு ஊர் சுற்றப் போகிறானாம்!

நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். நாமக்கல் பக்கத்து இளைஞர் அருண் பிரபு 2019-ல் ஒரு பழைய ஆட்டோவின் மேல், சுமார் ஒரு லட்சம் ரூபாயில், 36 சதுர அடியில் வீடே கட்டினார். சமையலறை, குளியலறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார் தகடு எல்லாம் அதில் அடக்கம்.

"அத்தே, தண்ணி, கரண்ட்டு எல்லாம் நான் பார்த்துக்கிறேன். சமையல்கட்டு எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். தண்ணீர் கணக்கு தெரியாமல் சமையல்கட்டு ஏது? வீட்டை நடத்துகிற நாம்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 15 லிட்டர், பாத்திரத்துக்கும் குழந்தைத் துணிக்கும் 25. இரண்டு நாளைக்கு 80 லிட்டர். அதன் எடையே 80 கிலோ! தொட்டியைத் தாழ்வாக, முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் வைத்து, உள்ளே தடுப்புப் போட்டால் வளைவில் தண்ணீர் அலம்பி வண்டியை ஆட்டாது. கழிவு நீருக்கும் அதே அளவு தொட்டி வேண்டும். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்த நாமே தென்பெண்ணையில் சோப்புத் தண்ணீரைக் கொட்டலாமா?

கேஸ்: என் நெஞ்சு படபடத்தது இங்கேதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். குழந்தை தூங்குவதும் அங்கேதானே! ஆகவே சிலிண்டருக்குத் தனிப் பெட்டி வேண்டும். அதன் கதவு வெளிப்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும், அடியில் காற்றுத் துளை இருக்க வேண்டும். பின்கதவைத் திறந்து, அடுப்பை வெளியே இழுத்து வைத்துச் சமைப்பது இன்னும் உத்தமம்.

மார்கழிக் குளிருக்கு அடுப்பையோ கரியையோ உள்ளே மூட்டிக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். அதைக் கண்டு கத்துகிற சிறு கருவி கடையில் கிடைக்கிறது. அதை முதலில் வாங்குங்கள், திரைச்சீலை அப்புறம்!

கரண்ட்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1200 வாட்-மணி இருக்கும். சாதாரண ஈய-அமில பாட்டரியானால் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. 30 வாட் மின்விசிறி எட்டு மணி நேரத்துக்கு 240, இரண்டு விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து 80. தாராளம். ஆனால் 1000 வாட் ஏ.சி. ஒரு மணி நேரம்கூட ஓடாது. 750 வாட் மிக்ஸியோ 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குப் பெரிய இன்வர்ட்டரும் தடித்த வயரும் தேவை. இட்லிப் பொடியை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போனால் அந்தச் செலவே மிச்சம். எந்த வயரானாலும் பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள்.

"ராத்திரி பாலுக்கு வெந்நீர்?" என்றாள் அவன் மனைவி. ஒரு நல்ல பிளாஸ்க் போதுமே!

இன்னொன்று. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவான வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆகவே வெல்டிங்குக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். வண்டி ஓடும்போது படுக்கையில் யாரும் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு பெல்ட்டும், குழந்தைக்கு அதற்கென்று உள்ள இருக்கையும் அவசியம்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த ஆசை வந்தால் திட்டாதீர்கள். வாசலில் சாக்பீஸால் வேனின் நீள அகலத்தை வரைந்து, இரண்டு குடம் தண்ணீரோடு, அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒரு நாள் முழுக்கச் சமைத்து, துவைத்து, குழந்தையைத் தூங்க வைத்துப் பாருங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். பட்டறைக்கு அப்புறம் போகலாம்.