டாலிகஞ்ச் இல்லாத கொல்கத்தாப் பட்டியல்கள்

கருத்தரங்க அழைப்போடு இணைத்து அனுப்பப்படும் 'கொல்கத்தாவில் காண வேண்டியவை, உண்ண வேண்டியவை' என்னும் ஒற்றைத் தாளை எவரும் ஆய்வுக்குரிய ஆவணமாகக் கருதுவதில்லை. விக்டோரியா நினைவகம், இந்திய அருங்காட்சியகம், ஹவுரா பாலம், காளிகாட். உணவுக்குப் பார்க் ஸ்ட்ரீட், உருளைக்கிழங்கு இட்ட பிரியாணி, மிஷ்டி தோய். ஊர் நினைவு மேலிட்டால் லேக் மார்க்கெட் பக்கம் இட்லி. தமிழ்நாட்டுப் பேராசிரியர்களும் மாணவர்களும் இத்தாளைப் புலனக் குழுக்களில் கைமாற்றிக்கொள்கின்றனர். அதில் டாலிகஞ்ச் இடம்பெறுமாயின் ஒரு மெட்ரோ நிலையமாக மட்டுமே இடம்பெறும். அந்நிலையத்தின் பெயரும் இப்போது மகாநாயக் உத்தம்குமார்.

இவ்விடுபடலைத் தற்செயல் என்று கடந்துபோக இயலாது. கும்பினியாரின் கொல்கத்தாவே கொல்கத்தா என்ற பழைய வரைபடத்தை இப்பட்டியல்கள் இன்றும் வழிமொழிகின்றன. அதைவிட வியப்பானது, காலனியத்தை மறுதலித்துக் கட்டுரை வாசிக்க வருவோரே அவ்வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது.

தமிழ் ஆய்வுலகம் 1806 சூலை 10 வேலூர் எழுச்சியைப் பெருமிதத்தோடு நினைவுகூர்கிறது. 1857க்கு அரை நூற்றாண்டு முந்தியது என்ற வாதம் எத்தனையோ மேடைகளில் ஒலித்துவிட்டது. ஆயின் அக்கதையின் பிற்பகுதி எங்கே நிகழ்ந்தது என்ற வினாவுக்கு மேடைகளில் விடை குறைவு. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் புதல்வர்கள், எழுச்சி அடக்கப்பட்டதும் கடல்வழியே கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் ரசாபக்லா, அதாவது இன்றைய டாலிகஞ்ச் வட்டாரம். திப்புவின் மகன் குலாம் முகம்மது எஸ்பிளனேடில் எழுப்பிய பள்ளிவாசலைப் பட்டியல்கள் சில குறிப்பிடுகின்றன; டாலிகஞ்சில் அவர் பெயரோடு நிற்கும் மற்றொன்றை எதுவும் குறிப்பிடுவதில்லை. 1895இல் தொடங்கப்பட்ட டாலிகஞ்ச் கிளப்பின் மாளிகையும் நிலமும் ஒருகாலத்தில் அக்குடும்பத்தின் வசம் இருந்தவை. பட்டியல்கள் தவறாமல் பரிந்துரைக்கும் சவுத் சிட்டி வணிக வளாகத்தின் முகவரியோ பிரின்ஸ் அன்வர் ஷா சாலை. அந்த இளவரசரும் அம்மரபினரே. வளாகம் எழுந்த நிலத்தில் அதற்கு முன் இருந்தது உஷா தொழிற்சாலை. வேலூர்ச் சிறையின் நீட்சி, ஓர் ஆலையின் மறைவு, ஒரு மால்: மூன்றும் ஒரே சாலையில் கிடக்க, வழிகாட்டித் தாளுக்குத் தெரிவது குளிரூட்டிய உணவுக்கூடம். அயோத்தியிலிருந்து 1856இல் வந்த வாஜித் அலி ஷாவையாவது பிரியாணி உருளைக்கிழங்கு காப்பாற்றியது. திப்புவின் மக்களுக்கு அந்த நற்பேறும் வாய்க்கவில்லை.

ஊர்ப்பெயரே ஒரு பாடம். தூர்ந்து கிடந்த ஆதிகங்கையின் தடத்தை 1775 தொடங்கிச் சற்றேறக்குறைய ஈராண்டில் தோண்டிப் படகு செல்ல வழிசெய்தவர் வில்லியம் டாலி என்னும் படையதிகாரி. சுங்கம் தண்டும் உரிமை பெற்றார். கரையில் சந்தையும் நிறுவினார். கஞ்ச் என்றால் சந்தை. கங்கையின் பழைய ஓட்டம் அவர் பெயரால் 'நாலா' ஆயிற்று. காளிகாட் கோயிலுக்குச் செல்வோர் அதன் பின்புறத்து நீரைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்கின்றனர். அந்தக் கோயில் அங்கே இருப்பதற்குக் காரணமே அந்த ஆறு என்று எந்தத் தாளும் சொல்வதில்லை. 2009இல் டாலிகஞ்சிலிருந்து தெற்கே நீண்ட மெட்ரோப் பாதைக்காக, சூழலியலாளர் எதிர்ப்பையும் மீறி, ஏறத்தாழ 300 தூண்கள் அவ்வாற்றின் படுகையிலேயே நடப்பட்டன. மேலே நிற்கும் நிலையங்களுக்கு நேதாஜி, மாஸ்டர்தா சூர்யா சென், கீதாஞ்சலி என்று பெயர். இதைவிடக் கூர்மையான நகரியல் பாடத்தை எந்த வகுப்பறையும் தராது.

திரைப்படத் துறையினர்க்கும் இங்கே வேலையுண்டு. பி.என்.சர்க்காரின் நியூ தியேட்டர்ஸ் 1931இல் எழுந்தது இங்கேதான். 'டாலிவுட்' என்னும் சொல் தெலுங்குக்குப் போவதற்கு முன் இவ்வூருக்கே உரியதாயிருந்தது. 1933இன் வள்ளி திருமணம் கொல்கத்தாவின் பயனியர் கம்பெனி வழியே உருவான தமிழ்ப் பேசும் படம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பார்க் ஸ்ட்ரீட்டைப் பரிந்துரைப்போர் பைஸ் ஹோட்டல்களை மறந்துவிடுகின்றனர். டாலிகஞ்சுக்கு வடக்கே ராஷ்பிகாரியில் உள்ள தருண் நிகேதன் அவ்வகையைச் சேர்ந்தது. சோறு, பருப்பு, மீன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. வாழை இலைக்கும் தனிக் காசு. தெற்கே விஜய்கட், ஆசாத்கட் குடியிருப்புகளில் பிரிவினைக்குப்பின் வந்திறங்கிய கிழக்கு வங்க அகதிகளின் அடுப்பு வேறு: சர்க்கரை குறைவு, காரம் மிகுதி, இலிஷ் மீன், கருவாடு. கருவாட்டுக் குழம்பு உண்டு வளர்ந்த தமிழர் அங்கே அந்நியராக உணர வாய்ப்பே இல்லை. இருந்தும் அவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது இட்லி.

வருவோர்க்கு ஒரு நாள்தான் கிடைக்கிறது, தாள் சிறிதாகத்தானே இருக்கும் என்பது வழக்கமான மறுமொழி. நியாயமானதே. ஆனால் அந்த ஒரு நாளில் காளிகாட் ஏற்கெனவே இருக்கிறது. அங்கிருந்து டாலிகஞ்ச் இரண்டாவது நிலையம். யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை வாசிக்கச் செல்வோர் பலர் அந்நிலையத்தில் இறங்கி, ஆட்டோவுக்குக் கைகாட்டி, பிரின்ஸ் அன்வர் ஷா சாலை வழியாகத்தான் போகின்றனர்.